மண்டிக் கணக்கிலிருந்து மைன்கிராஃப்ட் வரை

டெல் கம்பெனிக் கணினிகளின் முதுகில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருக்கும். எழுத்தும் எண்ணும் கலந்த 7 இலக்கம். சர்வீஸ் டேக் என்பார்கள். அதை அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் தட்டினால் பெட்டி எந்தத் தேதியில் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பியது, அப்போது அதற்குள் என்னென்ன இருந்தது என்று எல்லாம் வந்துவிடும். மனிதர்களின் பிறப்புச் சான்றிதழில்கூட இவ்வளவு விவரம் கிடையாது.

வேலூர் லாங் பஜாரில் ஒரு மளிகை மண்டிக்கு மேலே, மாடி வீட்டின் பரணில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியின் கதையை அந்தச் சீட்டை வைத்துத்தான் பின்னோக்கிப் பிடிக்க முடிந்தது. ஆப்டிபிளெக்ஸ் 9020, ஸ்மால் ஃபார்ம் ஃபேக்டர் என்கிற ஒடுக்கமான வகை. கிளம்பிய வருடம் 2014. சீட்டில் இருந்த முகவரி ஸ்ரீபெரும்புதூர். டெல் அங்கே சுங்குவார்சத்திரம் பக்கம் 2007ல் தொழிற்சாலை தொடங்கியது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வேலூருக்குப் போகிற பஸ்ஸெல்லாம் தாண்டிப் போகிற இடம்.

ஆனால் பெட்டியின் மூளை இங்கே பிறந்ததல்ல. இன்டெல் ஐ5-4590. 4 கோர், 3.3 கிகாஹெர்ட்ஸ், தேவைப்பட்டால் 3.7 வரை ஏறும். 22 நானோமீட்டர் அளவில் அமெரிக்காவிலோ இஸ்ரேலிலோ உள்ள ஆலையில் சில்லாக வார்க்கப்பட்டு, நறுக்கி மூடி போட்டுச் சோதிக்க வேறு தேசம் போகும். இந்தப் பெட்டியின் ஃபேனைக் கழற்றி, காய்ந்துபோன வெள்ளைப் பேஸ்ட்டைத் துடைத்தபோது பிராசஸர் மூடியில் மலேசியாவின் பெயர் பொறித்திருந்தது. இன்டெல் 1972லேயே பினாங்கில் கடை விரித்த கம்பெனி. அங்கிருந்து கப்பலோ விமானமோ ஏறி, ஸ்ரீபெரும்புதூரில் தகரப் பெட்டிக்குள் பொருந்தி, சென்னையில் ஏதோ ஒரு கம்பெனியின் மேசையில் போய் உட்கார்ந்தது. எந்தக் கம்பெனி என்பதைச் சொல்லும் ஸ்டிக்கரை யாரோ சுரண்டி எடுத்திருக்கிறார்கள். சொத்து எண் மட்டும் பாதி மிச்சம்.

அலுவலகப் பெட்டிகளின் இளமை சலிப்பானது. காலையில் ஆன், மாலையில் ஆஃப், நடுவில் எக்செல். ஏசி அறை, யூபிஎஸ் கரண்ட், தூசியில்லாத தரை. 4, 5 வருடம் ஆனதும் கணக்குப்பிள்ளை அதன் மதிப்பைச் சுழியமாக்கிவிடுவார். அதோடு விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14ல் முடிகிறது என்று மைக்ரோசாஃப்ட் நாள் குறித்துவிட்டதால், 2019ல் பல அலுவலகங்கள் பழையதை லாட் லாட்டாகத் தள்ளிவிட்டன. நம் பெட்டியும் அந்த அலையில் வெளியே வந்ததுதான். வெளியே வந்த அலுவலகக் கணினிக்குத் தமிழ்நாட்டில் ஒரே ஒரு வழி. மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெரு.

ரிச்சி தெரு என்று சொன்னாலும் நரசிங்கபுரம், மீரான் சாகிப் தெரு எல்லாம் சேர்த்துத்தான் அந்தப் பெயர். அங்கே பெட்டிகளைப் பிரித்து, புளோயரில் தூசி ஊதி, கிரேடு போட்டு அடுக்குவார்கள். நம் பெட்டியில் ஒரு சிக்கல் இருந்திருக்கும். பழைய அலுவலகம் பயோஸுக்குப் பாஸ்வேர்டு போட்டு வைத்திருந்தால் உள்ளே போக முடியாது. ஆனால் இந்த மாடல் மதர்போர்டில் பாஸ்வேர்டை அழிக்கவென்றே ஒரு ஜம்பர் உண்டு. அதைப் பிடுங்கி ஒருமுறை ஆன் செய்தால் பூட்டு போய்விடும். ரிச்சி தெருப் பையன்களுக்கு இதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை.

இங்கேதான் வேலூர் வருகிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது, 2018ல் இ-வே பில் வந்தது. அதுவரை நீளமான நோட்டும் கார்பன் பேப்பருமாக ஓடிக்கொண்டிருந்த லாங் பஜார் மண்டிகளுக்குக் கம்ப்யூட்டர் கட்டாயமாகிவிட்டது. புதுசு வாங்க யாருக்கு மனசு வரும்? டாலி கணக்கு மென்பொருள் ஓடினால் போதும், பில் அடித்தால் போதும். வெல்லமும் புளியும் மிளகாயும் விற்கிற இந்தக் கடைக்காரர் சென்னைக்குச் சரக்கு விஷயமாகப் போனபோது ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போய் மானிட்டரோடு தூக்கி வந்தார். பெட்டி வேலூர் வந்த வழியில், தான் பிறந்த தொழிற்சாலை வாசலையே தாண்டித்தான் வந்திருக்க வேண்டும்.

மண்டியில் அது பட்ட பாடு கொஞ்சமல்ல. லாங் பஜாரை அறிந்தவர்களுக்குத் தெரியும்: விடிகாலையில் லாரி மூட்டை இறக்கும், பிறகு நாள் முழுக்க தள்ளுவண்டியும் டூவீலரும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். அந்தத் தூசியும் மிளகாய் நெடியும் பெட்டிக்குள் போய் ஃபேன் இறக்கைகளில் சிவப்பாகப் படிந்திருந்தது. மேலே கோடை. வேலூரை வெயிலூர் என்று பத்திரிகைகள் எழுதுவது சும்மா இல்லை. கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் பல. ஏசி அறையில் சுகமாக வளர்ந்த பிராசஸர் இங்கே 100 டிகிரி வரை சூடேறி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொண்டது. டாலிக்கு அது தெரியவேயில்லை.

இன்னொரு எதிரி காற்று. 2013 வாக்கில் இன்டெல் பொறியாளர்கள் ஒரு விஷயத்தை வெளிப்படையாகப் பேசினார்கள். இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வழக்கத்துக்கு மேல் போர்டுகள் பழுதாகித் திரும்பி வந்தன, பிரித்துப் பார்த்தால் செப்புத் தடங்கள் அரித்திருந்தன, காற்றிலிருந்த கந்தகம்தான் காரணம் என்று. தோல் பதனிடும் ஊர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியமில்லை. டேனரியில் மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அதில் அமிலம் பட்டால் கிளம்புவது ஹைட்ரஜன் சல்பைடு, அழுகிய முட்டை நாற்றம். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் டேனரிக்கு அருகில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களின் வீட்டில் வெள்ளிக் கொலுசும் சீக்கிரம் கறுக்கும். லாங் பஜார் அவ்வளவு மோசமில்லை. என்றாலும் வருடத்துக்கு ஒருமுறையாவது, ஆன் செய்ததும் பெட்டி பீப் பீப் என்று கத்தும். ராமைக் கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் அந்தத் தங்க நிறப் பற்களைத் தேய்த்து, ஊதி, திரும்பச் சொருகினால் சரியாகிவிடும். கடைப் பையனே கற்றுக்கொண்டுவிட்டான்.

2025 அக்டோபர் 14ல் விண்டோஸ் 10க்கும் ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல்லின் 8ஆம் தலைமுறைக்குக் கீழே இறங்கி வராது. நம் பெட்டி 4ஆம் தலைமுறை. ஆடிட்டர் பயமுறுத்தியதில் கடைக்காரர் இன்னொரு பழைய பெட்டி வாங்கினார். பழசைக் காயலான் கடைக்குப் போடச் சொன்னபோது, பாலிடெக்னிக் படிக்கும் மகன் அதை மாடிக்குத் தூக்கிப் போனான்.

மகனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் ஒரு உலகம் வேண்டியிருந்தது. மைன்கிராஃப்ட். ஸ்வீடன்காரர் மார்கஸ் பெர்சன் 2009ல் வெளியிட்டு, 2014ல் மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலருக்கு வாங்கிய விளையாட்டு. 30 கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது. கட்டை கட்டையான உலகம். தோண்டலாம், கட்டலாம், யாரும் ஜெயிப்பதுமில்லை தோற்பதுமில்லை. தனியாக விளையாடினால் உன் கணினியிலேயே உலகம் இருக்கும். பலர் சேர்ந்து விளையாட அந்த உலகத்தை ஒரு கணினி எந்நேரமும் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். இலவசமாகத் தாங்கித்தரும் தளங்கள் உண்டு, ஆனால் பல ஐரோப்பாவில் இருக்கின்றன. போய்வர 150 மில்லிசெகண்ட் ஆனால் நீ வெட்டிய கட்டை யோசித்துவிட்டுத்தான் உடையும்.

விளையாடும் கணினிக்கும் உலகத்தைத் தாங்கும் கணினிக்கும், அதாவது சர்வருக்கும், வேலை வேறு. பலர் ஏமாறுவது இங்கேதான். விளையாடுகிறவனுக்குப் படம் வரைய வேண்டும். அதற்குக் கிராபிக்ஸ் கார்டு. சர்வருக்குப் படமே கிடையாது. மானிட்டர் இல்லாமலே ஓடும். கம்ப்யூட்டர் கடையில் போய் ‘மைன்கிராஃப்ட் சர்வருக்கு’ என்று கேட்டால் கண்ணாடிப் பக்கம் வைத்த, கலர் கலராக எரிகிற பெட்டியை எடுத்துக் காட்டுவார்கள். அந்தக் காசில் பாதி, யாரும் பார்க்காத படத்துக்குப் போகும்.

சர்வர் செய்கிற வேலை வினாடிக்கு 20 முறை உலகத்தை ஒரு அடி நகர்த்துவது. ஒரு அடிக்கு 50 மில்லிசெகண்ட். அதற்குள் எல்லா மாடும் நடக்க வேண்டும், தண்ணீர் ஓட வேண்டும், பயிர் வளர வேண்டும், யார் எங்கே நிற்கிறார்கள் என்று எல்லோருக்கும் சொல்ல வேண்டும். இந்த வேலையின் பெரும்பகுதி ஒரே கோரின் தலையில் விழுகிறது. 4 பேர் நிற்கும் லாரியில் ஒருவர் மட்டும் மூட்டை தூக்க, மற்ற மூவர் பீடி பிடிப்பது மாதிரி. புது நிலம் உருவாக்குவது, நெட்வொர்க் போன்ற சில்லறை வேலைகள் மட்டும் மற்றவர்களுக்கு. ஆகவே எத்தனை கோர் என்பதைவிட ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பதுதான் கேள்வி. ஜியான் என்ற 14 கோர் சர்வர் பிராசஸர் மலிவாகக் கிடைக்கிறது என்று பையன்கள் ஆசைப்படுவார்கள். இ5-2680 வி4 என்ற அந்தப் பிரபலமான சில் ஒற்றைக் கோரில் 3.3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஏறாது. இந்த ஒரு வேலைக்கு நம் மண்டிப் பெட்டியே தேவலை. விளையாடுகிறவர்களுக்கு நெடுநாள் பரிந்துரைக்கப்பட்ட பிராசஸர் ஐ5-4690. நம் 4590 அதற்கு ஒரு படி கீழே உள்ள தம்பி.

அவர்கள் கட்டியது வேலூர்க் கோட்டை. வேறென்ன கட்டுவார்கள்? ஒரு கட்டை ஒரு மீட்டர் என்பது விளையாட்டின் கணக்கு. கோட்டை வளாகம் 133 ஏக்கர். உலகம் 16க்கு 16 கட்டைகள் கொண்ட சதுரங்களாக வெட்டப்பட்டிருக்கிறது, சங்க் என்பார்கள். உயரம் 384. அதாவது ஒரு சங்கில் 98,304 இடம். கோட்டை முழுக்க ஏறக்குறைய 2,100 சங்க். சர்வர் ஒரு ஆளைச் சுற்றி வழக்கமாக 10 சங்க் தூரம் வரை எடுத்து வைத்திருக்கும். 21க்கு 21, மொத்தம் 441. சுமார் 28 ஏக்கர், 4 கோடிக்கும் மேற்பட்ட கட்டைகள். 5 பேர் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் வாசலில் கூடி நின்றால் அந்த 441ஐயே பங்கு போட்டுக்கொள்வார்கள். ஆளுக்கொரு திசையில் போனால் 2,205. கோட்டையைவிடப் பெரிது. கூட்டாளிகள் சண்டை போட்டுப் பிரிந்தால் ராம் தின்னும் என்பதை நான் வேறெந்த மென்பொருளிலும் பார்த்ததில்லை.

மண்டியில் பெட்டிக்கு இருந்தது 4 ஜிபி. 4 ஸ்லாட் கொண்ட போர்டு, 32 ஜிபி வரை ஏற்கும். டிடிஆர்3 என்பதால் பழைய ராம் மலிவு. 2025 கடைசியில் புது ராம் விலை எகிறியபோது இவனுக்கு அது அதிர்ஷ்டமானது. இரண்டு 8 போட்டு 16 ஆக்கி, அதில் 6ஐச் சர்வர் ஓடும் ஜாவாவுக்குக் கொடுத்தான். மொத்தத்தையும் தூக்கிக் கொடுத்தால் இயங்குதளத்துக்கு மூச்சு முட்டும். மைன்கிராஃப்ட் தளமே தரும் மாதிரிக் கட்டளை 1 ஜிபிதான் கேட்கிறது. அது ஒருவர் இருவருக்கு. அடுத்து பழைய ஹார்டு டிஸ்க். புது நிலத்தில் யாராவது ஓடினால் டிஸ்க் கரகரவென்று தேடும், எல்லோரும் உறைந்து நிற்பார்கள். 5 நிமிடத்துக்கு ஒருமுறை உலகத்தைச் சேமிக்கும்போதும் அதே கதை. 240 ஜிபி எஸ்.எஸ்.டி. போட்டபின் அந்தத் தொல்லை தீர்ந்தது. இந்தப் பெட்டிக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால் எஸ்.எஸ்.டி.க்குத்தான் செய்வேன்.

அப்படியும் ஒரு வாரம் சர்வர் திணறியது. 2 வினாடிக்கு மேல் பின்தங்கினால், தன்னால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று திரையில் புலம்பும். ராம் பாதி காலி. டிஸ்க் சும்மா இருந்தது. ஒரு கோர் மட்டும் 100 சதவீதத்தில்.

“ண்ணா, மாடுங்கதான் லேக் பண்ணுது” என்றான் கடைக்காரர் மகன்.

ஆம்பூரிலிருந்து விளையாடும் பெரியப்பா மகன் செய்த வேலை. விளையாட்டில் மந்திரமேசைக்கு முழுபலம் வேண்டுமானால் சுற்றிலும் 15 புத்தக அலமாரி. அலமாரிக்கு 3 புத்தகம், புத்தகத்துக்கு ஒரு தோல். 45 தோல். ஒரு மாடு வெட்டினால் ஒன்றுமே வராமலும் போகலாம், அதிகம் போனால் இரண்டு. ஆகவே அவன் கோட்டை அகழிக்குப் பக்கத்தில் குழி வெட்டி, கோதுமை போட்டுக் குட்டி போடவைத்து, மாட்டை மூட்டையாக அடைத்து வைத்திருந்தான். ஒரே இடத்தில் 24க்கு மேல் நெருக்கினால் மாடு மூச்சுத் திணறிச் சாகும் என்று விளையாட்டு விதி வைத்திருக்கிறது. அவன் 24க்கு மிகாமல் குழி குழியாக வைத்திருந்தான். ஒவ்வொரு மாடும் பக்கத்து மாட்டை இடிக்கிறதா என்று வினாடிக்கு 20 முறை கணக்குப் போட்டுக் கோர் களைத்துப்போனது. பெரியப்பா டேனரியில் 30 வருஷம் வேலை பார்த்தவர். வெட்டின உடனே பதமான தோல் கையில் வந்து விழுவதைப் பார்த்துவிட்டு, “ஊறல் இல்ல, சுண்ணாம்பு இல்ல, குரோம் இல்ல. எங்க மொதலாளி பாத்தா அழுதுடுவாரு” என்றாராம். குழிகளை மூன்றில் ஒன்றாக்கி, மாடும் பயிரும் அசையும் தூரத்தை 10லிருந்து 5 சங்காகக் குறைத்ததும் சர்வர் மூச்சுவிட்டது. ஒரு ரூபாய் செலவில்லை. அகழித் தண்ணீர் பற்றிப் பயந்தார்கள். நிற்கிற தண்ணீருக்குச் செலவே கிடையாது, ஓடும்போது மட்டும்தான்.

கரண்ட் விஷயத்தில் அலுவலக வளர்ப்பு கைகொடுத்தது. பிளக்கில் வாட் மீட்டர் மாட்டிப் பார்த்தால் 35 வாட் அளவில் ஓடுகிறது. நாள் முழுக்க ஓடினாலும் ஒரு யூனிட்டுக்குக் குறைவு, இரண்டு மாத பில்லில் 50 யூனிட். வீட்டு இணைப்புக்கு அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டில் பாதி. கடை மீட்டரில் போட்டிருந்தால் அப்பா மறுநாளே பிடுங்கியிருப்பார். 300 வாட் இழுக்கும் கேமிங் பெட்டியை இரவும் பகலும் ஓடவிட்டுப் பாருங்கள், பில் வந்தபின் விளையாட்டே நின்றுவிடும். அப்புறம் அந்தப் பயோஸுக்குள் ஒரு அமைப்பு. கரண்ட் போய் வந்தால் தானாக ஆன் ஆகு என்று சொல்லிவைக்கலாம். ஆயிரம் கணினியை ஒரே ஆள் பார்க்கும் அலுவலகத்துக்காக வைத்தது. வேலூர் மின்வெட்டில் பரண்மேல் ஏறி பட்டனைத் தட்ட ஆள் தேடாமல் அது தானே எழுந்துகொள்கிறது.

முரண்டு பிடித்தது இணைப்புதான். மைன்கிராஃப்ட் சர்வரின் கதவு எண் 25565. ரவுட்டரில் அதைத் திறந்துவிட்டால் வெளியிலிருந்து வரலாம் என்று எல்லா வழிகாட்டியிலும் இருக்கும். இவன் திறந்தான், ஒருவரும் வரவில்லை. ரவுட்டர் பக்கத்தில் வெளி முகவரி 100.70 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரி உனக்கே உனக்கானதல்ல. இணையக் கம்பெனி ஒரே பொதுமுகவரிக்குள் நூற்றுக்கணக்கான வீடுகளை அடக்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்படி இருந்தால் எத்தனை கதவு திறந்தாலும் தெரு இல்லை. நிலையான முகவரிக்கு மாதாமாதம் தனிக் காசு கேட்டார்கள். டெயில்ஸ்கேல் என்ற இலவசச் செயலியை எல்லோர் கணினியிலும் போட்டு அவர்களுக்குள் ஒரு தனித் தெருவைப் போட்டுக்கொண்டார்கள். ஆம்பூர் 50 கிலோமீட்டர்; இணையத்தில் பாக்கெட் பெரும்பாலும் சென்னை போய்த் திரும்பித்தான் ஆம்பூர் சேரும். இருந்தாலும் ஐரோப்பாவைவிட எவ்வளவோ பக்கம்.

போனில் விளையாடுகிற இரண்டு பேர் மிச்சமிருந்தார்கள். போன் பதிப்பு வேறு பாஷை பேசும். கீசர் என்ற இணைப்பு மென்பொருளைச் சர்வரில் சேர்த்தால் நடுவில் நின்று பெயர்த்துத் தரும். அதற்கும் பிராசஸரில் கொஞ்சம் இடம் பிடிக்கிறது. விளையாட்டுக் கணக்கு வாங்கக் காசில்லாத வாண்டுகளுக்காக அதே பெட்டியில் லுவான்டியும் ஓடுகிறது. மைன்டெஸ்ட் என்ற பெயரில் பின்லாந்துக்காரர் ஒருவர் 2010ல் தொடங்கியது, 2024ல் பெயர் மாறியது, முற்றிலும் இலவசம். அரசு கொடுத்த பழைய லேப்டாப்பிலும் ஓடும்.

பெட்டியை விளையாடவும் பயன்படுத்தலாமா என்று கேட்டேன். ஒடுக்கமான பெட்டி, பவர் சப்ளை 255 வாட், அரை உயரக் கார்டுதான் உள்ளே போகும். ஜிடி 1030 போட்டால் போதும். ஆனால் விளையாட்டும் சர்வரும் ஒரே வேகமான கோருக்கு அடித்துக்கொள்ளும், வேண்டாம் என்றான். அவன் விளையாடுவது தன் லேப்டாப்பில்.

இன்னும் 3, 4 பேர் சேரக் கேட்டிருக்கிறார்கள். மாடுகளை எவ்வளவு குறைத்தாலும் 4ஆம் தலைமுறைக் கோர் அத்தனை பேரைத் தாங்குமா என்பது சந்தேகம். அடுத்து என்ன என்றேன். கீழே பில் போடும் 8ஆம் தலைமுறைப் பெட்டியைக் காட்டினான். கடைக்காரர் கீபோர்டிலிருந்து நிமிராமல் சொன்னார்: “டாலி ஓடுற வரைக்கும் அதத் தொட்ட, கைய ஒடிச்சிடுவேன்.”